உர்சுலா லெ குவின்: எல்லா வடிவத்திலும் எழுதியவர், வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தவர்

அல்லிக்குளம் எழுதியது:

எழுதக் கற்றுத்தரும் புத்தகங்களைப் பற்றி இங்கே அடிக்கடி பேச்சு வருகிறது. கதைக்கருவை எப்படிப் பிடிப்பது, திருப்பத்தை எங்கே வைப்பது, பதிப்பாளருக்கு எப்படி அனுப்புவது என்று போய் அதோடு நின்றுவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் ‘ஸ்டியரிங் தி கிராஃப்ட்’ என்ற எழுத்துப் பயிற்சி நூலைப் பற்றி யாரும் விரிவாகப் பேசிப் பார்க்கவில்லை. அந்தப் புத்தகத்தையும் அவருடைய நீண்ட எழுத்து வாழ்க்கையையும் சேர்த்தே பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1929-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தார், 2018 ஜனவரியில் ஒரேகான் மாநிலத்துப் போர்ட்லாந்தில் காலமானார். அப்பா ஆல்ஃபிரட் குரோபர் பெயர்பெற்ற மானுடவியலாளர். அம்மா தியோடோரா குரோபர், கலிபோர்னியப் பழங்குடியான யாஹி இனத்தின் கடைசி மனிதரான இஷியின் வரலாற்றை எழுதியவர். வேறொரு சமூகம் எதை உண்கிறது, யாரை மணக்கிறது, இறந்தவரை என்ன செய்கிறது என்ற கேள்விகள் சாப்பாட்டு நேரப் பேச்சாக இருந்த வீடு. பிற்பாடு அவர் கற்பனை உலகங்களைப் படைத்தபோது அவை வெறும் விண்கலங்களும் ஆயுதங்களுமாக இல்லாமல் சடங்கும் உறவுமுறையும் பழமொழியும் கொண்ட ஊர்களாக வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மனிதர்கள் ஆண், பெண் என்று நிலையாகப் பிரியாத ஒரு கிரகத்தைப் பற்றிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ 1969-ல் வெளிவந்தது. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளும் கிடைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு, சிறுவர்களுக்கான மிகுபுனைவாக (ஃபேன்டஸி) ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’. 1974-ல், அரசே இல்லாத ஒரு சமூகத்தைப் பற்றிய ‘தி டிஸ்பொசெஸ்டு’. பலருடைய பட்டியல் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் 1988-ல் சிறகு முளைத்த பூனைக்குட்டிகளைப் பற்றி ‘கேட்விங்ஸ்’ என்ற குழந்தைக் கதை எழுதினார். 1997-ல் பண்டைச் சீன ஞானி லாவோ ட்சுவின் தாவோ நூலை ஆங்கிலத்தில் தந்தார். 2003-ல் சிலி நாட்டுக் கவிஞர் கப்ரியேலா மிஸ்த்ராலின் கவிதைகளை மொழிபெயர்த்தார். 2008-ல் ‘லவினியா’ வந்தது; ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத இளவரசி அந்த நாவல் முழுக்கத் தானே பேசுகிறாள். எண்பது வயதைக் கடந்தபின் வலைப்பதிவு தொடங்கினார். கடைசிக் கவிதைத் தொகுப்பு அவர் இறந்த ஆண்டில் வெளிவந்தது. கட்டுரைகளை எண்ணப் போனால் அது தனிப் பட்டியல்.

இவ்வளவு வடிவங்களில் எழுதிய ஒருவர் எழுத்தைக் கற்றுக்கொடுக்க உட்காரும்போது எதைக் கற்றுக்கொடுப்பார்? நான் எதிர்பார்த்தது உலகத்தை எப்படிக் கட்டுவது, பாத்திரத்தை எப்படி வார்ப்பது போன்றவை. ஆனால் ‘ஸ்டியரிங் தி கிராஃப்ட்’ முதல் அத்தியாயத்திலேயே வாக்கியத்தின் ஓசைக்குப் போகிறது. அடுத்து நிறுத்தக்குறி. அடுத்து வாக்கியத்தின் நீளம். பிறகு ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, பெயரடையும் வினையடையும், வினையின் காலமும் இடமும் (தன்மை, முன்னிலை, படர்க்கை), பார்வைக்கோணம். எப்படி விற்பது என்று ஒரு வரி கிடையாது. கவிதை, நாவல், குழந்தைக் கதை, மேடைப் பேச்சு, மொழிபெயர்ப்பு என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தவருக்கு அத்தனைக்கும் பொதுவாக மிஞ்சியது வாக்கியம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரே வடிவத்தில் எழுதியிருந்தால் அந்த வடிவத்தின் சூத்திரங்களைத்தான் பாடமாக்கியிருப்பார்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

நல்ல இழை. ஆனால் எனக்கு இரண்டு ஐயங்கள்.

ஒன்று, பன்முகம் என்று நாம் கொண்டாடுவது உண்மையில் விருப்பத்தால் வந்ததா, சந்தையால் வந்ததா? அவர் முதலில் எழுத நினைத்தது அறிவியல் புனைகதையே இல்லை என்று படித்த நினைவு. இரண்டு, கற்பித்தல் எழுத்தாளரின் நேரத்தைத் தின்கிறது. அமெரிக்காவில் எத்தனையோ நல்ல எழுத்தாளர்கள் பல்கலைக்கழக வேலையில் உட்கார்ந்து, மாணவர் கதைகளைத் திருத்தித் திருத்தியே சொந்த எழுத்தில் வற்றிப்போனார்கள். இவர் எப்படித் தப்பித்தார்?

பழைய புத்தகக்கடை எழுதியது:

இரவுப்பணியின் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த முதல் பத்து ஆண்டுகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பதினோரு வயதில் ஓர் அறிவியல் புனைகதைப் பத்திரிகைக்குக் கதை அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்துவிட்டது. 1950களில் அவர் எழுதியவை ஓர்சினியா என்ற கற்பனை நாட்டில் நடக்கும் நாவல்கள். நாடு கற்பனை, ஆனால் மந்திரமோ விண்கலமோ எதுவும் கிடையாது. மத்திய ஐரோப்பாவில் எங்கோ இருப்பதுபோன்ற ஒரு சிறிய நாடு, அதன் அரசியலும் குடும்பங்களும், அவ்வளவுதான். நாவலுக்குப் பின் நாவலாக எழுதியும் எதுவும் அச்சேறவில்லை. பதிப்பாளர்களுக்கு அதை எந்த அலமாரியில் வைப்பது என்று புரியவில்லை. நடப்பியல் என்றால் நாடு பொய். கற்பனை என்றால் அற்புதம் எதுவும் இல்லை.

1961-ல் ஓர்சினியாச் சிறுகதை ஒன்று ஒரு பல்கலைக்கழக இதழில் வந்தது. அடுத்த ஆண்டே ‘ஃபன்டாஸ்டிக்’ பத்திரிகையில் ஆசிரியர் செலி கோல்ட்ஸ்மித் அவருடைய காலப்பயணக் கதையை எடுத்துக்கொண்டார். இந்தப் பக்கம் கதவு திறந்தது, உள்ளே போனார். அந்த அளவில் சந்தை என்பது சரிதான். ஆனால் உள்ளே போனவர் அந்த வீட்டின் விதிகளுக்கு உட்பட்டு எழுதவில்லை. ‘எர்த்ஸீ’ கூட, பார்னஸஸ் என்ற சிறு பதிப்பகம் இளைஞர்களுக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்டதால் எழுதியது. கேட்டதைக் கொடுத்தார். ஆனால் அதன் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். கதை நடக்கும் எர்த்ஸீ என்ற தீவுக்கூட்டத்தில் பெரும்பாலோர் கறுப்பும் பழுப்புமாக இருப்பார்கள், வெள்ளைத் தோல் கொண்டவர்கள் ஓரத்திலிருந்து படையெடுத்து வருபவர்கள். 1968-ல் ஒரு சிறுவர் நூலில் இதைச் செய்திருக்கிறார். 2004-ல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் கெட்டை வெள்ளையனாக்கியபோது அவர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

அப்புறம் அந்த ஓர்சினியா என்ன ஆயிற்று? பெயர் வந்தபிறகு, 1976-ல் சிறுகதைத் தொகுப்பாகவும் 1979-ல் ‘மலாஃப்ரெனா’ என்ற நாவலாகவும் வெளியிட்டார். இளம் வயதில் விரும்பியதை அவர் கைவிடவே இல்லை.

இன்னொன்று. ‘லெஃப்ட் ஹேண்ட்’ நாவலை ஒரு பதிப்பாசிரியர் நிராகரித்து, விவரங்களில் சிக்கிக் கதை நகரவில்லை என்ற பொருளில் 1968-ல் எழுதிய கடிதத்தை லெ குவின் பிற்காலத்தில் தன் இணையதளத்திலேயே போட்டுவைத்தார். எழுதியவர் பெயரை மறைத்துத்தான் போட்டார். தொடர்ந்து நிராகரிக்கப்படும் இளம் எழுத்தாளர்களுக்குத் தைரியம் சொல்லவே அப்படிச் செய்தார். நான் இதையும் அவருடைய கற்பித்தலில்தான் சேர்ப்பேன்.

செம்பருத்தி எழுதியது:

அந்தக் கடிதத்தை நானும் படித்திருக்கிறேன். என் முதல் தொகுப்பு எங்கும் நகராமல் கிடந்த சமயம் அது. மிகவும் தெம்பாக இருந்தது.

இரவுப்பணியின் இரண்டாவது கேள்விக்கு ஒரு சிறு பதில்: அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நிரந்தரப் பேராசிரியராக உட்காரவில்லை. கணவர் சார்ல்ஸ் லெ குவின் வரலாற்றுப் பேராசிரியர், போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில். வீட்டில் மாதச் சம்பளம் வந்தது, மூன்று குழந்தைகள் வளர்ந்தார்கள், அவர்கள் தூங்கியபிறகு எழுதினார். கற்பித்தது பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நடக்கும் பட்டறைகளில். போய்க் கற்றுக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுதலாம். ஒருவர் எழுதினால் இன்னொருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார் என்பதை அவரே பல பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். எழுதும் பெண்களுக்கு இந்த விவரம் எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வல்லைவெளி எழுதியது:

செம்பருத்தி அக்கா சொன்ன பட்டறைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

அமெரிக்க அறிவியல் புனைகதைக்காரர்களிடம் ஒரு பட்டறை மரபு இருக்கிறது. 1950களில் டேமன் நைட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டில் கூடி ஒருவர் கதையை மற்றவர் அலசினார்கள். அந்த முறையை 1968-ல் கிளாரியன் என்ற கல்லூரியில் புதியவர்களுக்கான பட்டறையாக்கினார்கள். ஆறு வாரம், வாரம் ஓர் எழுத்தாளர் வந்து நடத்துவார். பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான ஆக்டேவியா பட்லர் 1970-ல் அங்கே மாணவியாக இருந்தவர். அங்கே பயின்ற வோண்டா மெக்கின்டயர் 1971-ல் சியாட்டிலில் கிளாரியன் வெஸ்ட் பட்டறையைத் தொடங்கினார். அதன் ஆரம்ப ஆண்டுகளில் வந்து கற்பித்தவர்களில் லெ குவினும் ஒருவர். 1975-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினராகப் போனபோது அங்கேயும் ஒரு பட்டறை நடத்தினார். அந்தப் பட்டறைக் கதைகள் அடுத்த ஆண்டு ‘தி ஆல்டர்டு ஐ’ என்ற தொகுப்பாக வந்தன. மாணவர் கதைகளோடு அவருடைய கதையும் அதில் இருக்கிறது.

‘ஸ்டியரிங் தி கிராஃப்ட்’ கிளைத்தது வேறொரு இடத்திலிருந்து. ஒரேகானில் மெக்கென்ஸி ஆற்றங்கரையில் பெண்களுக்காக நடந்த ‘ஃப்ளைட் ஆஃப் தி மைண்ட்’ பட்டறையில் 1996-ல் அவர் எடுத்த வகுப்புதான் அதன் விதை. 1998-ல் முதல் பதிப்பு. 2015-ல் முழுக்கத் திருத்தி எழுதி மறுபடி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 85.

அந்தப் புத்தகத்தின் பின்னிணைப்பில் குழுவாகக் கூடி எழுதுபவர்களுக்கான நெறிகள் உண்டு. படித்து வந்தவர்கள் முறை வைத்துப் பேசுவார்கள், சுருக்கமாக, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது. கதையை எழுதியவர் வாயே திறக்கக்கூடாது. விளக்கம் சொல்லக்கூடாது, மன்னிப்புக் கேட்கக்கூடாது, நான் சொல்ல வந்தது என்னவென்றால் என்று தொடங்கவே கூடாது. எல்லோரும் முடித்தபிறகு விரும்பினால் ஓரிரு வார்த்தை.

இதைப் படித்தபோது எனக்கு நம் அரங்கேற்றம் நினைவுக்கு வந்தது. அவையில் நூலைப் படித்துக்காட்டும்போது புலவர்கள் தடை எழுப்புவார்கள், நூலாசிரியர் விடை சொல்லித் தன் நூலை நிலைநாட்ட வேண்டும். எதிர்த்து நின்று பேசத் தெரிந்திருக்க வேண்டும். லெ குவினின் முறை இதற்கு நேர் எதிர். எந்த வாசகர் வீட்டிலும் எழுத்தாளர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை, ஆகவே பட்டறையிலும் அந்த நிலைமைதான் இருக்க வேண்டும். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. எங்கள் ஊர்க் கூட்டங்களில் கதை வாசித்தவரே அரை மணி நேரம் விளக்கம் தருவதைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கொங்குக்காற்று எழுதியது:

நாங்கள் சில பேர் மாதம் ஒருமுறை கூடி இந்தப் பயிற்சிகளைத் தமிழில் செய்து பார்க்கிறோம். அனுபவத்தைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

நிறுத்தக்குறியே இல்லாமல் ஒரு பக்கம் எழுதும் பயிற்சி ஒன்று இருக்கிறது. பத்தி பிரிக்கவும் கூடாது. தமிழில் இது பலருக்கு இயல்பாக வந்துவிட்டது. ஓலைச்சுவடியில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் எங்கே இருந்தன? நம் வாக்கியம் வினைமுற்றில் முடிவதால் முடிவு காதிலேயே கேட்டுவிடுகிறது. ஆனால் உரையாடல் நுழைந்தவுடன் யார் பேசுகிறார் என்று குழம்பியது. ‘என்று’ எவ்வளவு வேலை செய்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. எடுத்துப் பார்த்தால் கதையே கலைந்துவிடுகிறது.

ஏழு சொல்லுக்கு மிகாத வாக்கியங்களால் ஒரு பத்தி, பிறகு ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியம் என்று இன்னொரு பயிற்சி. தமிழில் ஏழு சொல் என்பது தாராளம். ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதே ஒரு சொல். அதனால் நான்காகக் குறைத்துக்கொண்டோம். அப்போதுதான் வலித்தது. நீண்ட வாக்கியத்தில் வேறு சிக்கல். எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பேருந்தைப் பிடித்து என்று வினையெச்சங்களை வரிசையாக அடுக்கினால் பக்கம் நிறைந்துவிடும். வாக்கியம் நீளும், ஆனால் எங்கும் போகாது. எல்லாச் செயலும் ஒரே எடையில் நிற்கும். காரணம் எது, விளைவு எது, நடுவில் நிறுத்தி யாரை நினைத்துக்கொண்டான் என்று எடையை மாற்றி மாற்றி வைத்தவர்களுடைய வாக்கியம்தான் படிக்கும்போது உயிரோடு இருந்தது. சத்தமாகப் படிக்கச் சொல்கிறார் லெ குவின். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை.

எங்களை நீண்ட நேரம் சண்டை போட வைத்தது பெயரடை, வினையடை இல்லாமல் எழுதும் பயிற்சி. ஒரு விவரணைப் பக்கம் எழுத வேண்டும், ‘அழகான’, ‘மெல்ல’, ‘மிக’ எதுவும் வரக்கூடாது. ‘உட்கார்ந்திருந்த பாட்டி’ என்பதில் உள்ள பெயரெச்சத்தைத் தடுப்பதா விடுவதா? ஒருவர் அதுவும் பெயருக்கு அடைமொழிதான் என்றார். மற்றவர்கள், உள்ளே வினை இருக்கிறது, ஆகவே விட்டுவிடலாம் என்றோம். விட்டுவிட்டோம். ஓர் உதாரணம் தருகிறேன். எங்களில் ஒருவர் முதலில் எழுதியது: ‘மெல்லிய மழை அழகாகப் பெய்துகொண்டிருந்தது. வயதான பாட்டி அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.’ பயிற்சிக்குப் பின் எழுதியது: ‘மழை ஓட்டைத் தட்டியது. சாரல் திண்ணை ஏறியபோது பாட்டி கால்களை இழுத்துக்கொண்டாள்.’ இரண்டாவதில் மழையின் அளவும் தெரிகிறது, பாட்டியின் வயதும் ஏறக்குறைய தெரிகிறது. சொன்ன அடைமொழி ஒன்றுமில்லை.

கடைசிப் பயிற்சி கொடுமையானது, அவர் வைத்த பெயரும் அப்படித்தான். முன்பு எழுதியதில் ஒன்றை எடுத்துப் பாதியாகக் குறைக்க வேண்டும். கதை அப்படியே இருக்க வேண்டும், சுருக்கமாகிவிடக்கூடாது. எங்களில் பெரும்பாலோர் நன்றாக எழுதியிருக்கிறோம் என்று நம்பிய பத்திகள்தான் முதலில் போயின.

இரவுப்பணி எழுதியது:

கொங்குக்காற்று, இந்தப் பதிவு மட்டுமே ஒரு வகுப்பு. நன்றி. அக்கா சொன்ன விளக்கமும் என் இரண்டாவது ஐயத்தைத் தீர்த்துவிட்டது.

ஆனாலும் அடிப்படைக் கேள்வி ஒன்று இருக்கிறது. பட்டறைகளில் பழகிய எழுத்து எல்லாம் ஒரே சாயலில் வருகிறது என்ற குற்றச்சாட்டு. ஓர் இணையவழி வகுப்பில் நான் பணம் கட்டிச் சேர்ந்தேன். முதல் பக்கத்தில் அதிர்ச்சி, மூன்றாம் பக்கத்தில் முரண், இத்தனையாவது பக்கத்தில் திருப்பம் என்று வார்ப்பு கொடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் எல்லோருடைய கதையும் ஒன்றுபோல் இருந்தது. வாக்கியத்தை மட்டும் கற்றுக்கொடுத்தால் இது நேராதா? எல்லோரும் லெ குவின் மாதிரி எழுத ஆரம்பித்துவிட மாட்டார்களா?

அல்லிக்குளம் எழுதியது:

நேராது என்றே நம்புகிறேன். அதற்கு அவரே தரும் சான்று ஒன்று இருக்கிறது.

1972-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த அறிவியல் புனைகதைப் பட்டறையில் மிகுபுனைவின் நடையைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார், பிறகு அது கட்டுரையாக வந்தது. அதில், அக்காலத்து மிகுபுனைவு நாவல் ஒன்றிலிருந்து இரு பிரபுக்கள் பேசிக்கொள்ளும் இடத்தை எடுக்கிறார். நாலைந்து சொற்களை மட்டும் மாற்றுகிறார். அவ்வளவுதான், அது தலைநகர் வாஷிங்டனில் இரு அரசியல்வாதிகள் பேசும் உரையாடலாக ஆகிவிடுகிறது. கோட்டையும் குதிரையும் அங்கியும் இருந்தும் அந்த நாவலுக்கு அந்த உலகத்தின் மொழி இல்லை என்று காட்டுகிறார். அதோடு நிற்கவில்லை. இப்படி எழுதக்கூடாதென்றால் எப்படி எழுதுவது என்று, தன்னைப்போல் எழுதவே எழுதாத மூன்று பழைய எழுத்தாளர்களைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொருவர் நடையும் எங்கே நிற்கிறது என்று விளக்குகிறார். தன் வழிதான் வழி என்று சொல்ல ஓர் இடம் இருந்தது, சொல்லவில்லை. பயிற்சி நூலிலும் அப்படித்தான்: ட்வெய்ன், வூல்ஃப், ஆஸ்டின், டிக்கன்ஸ் என்று வேறு வேறு குரல்களிலிருந்து எடுத்துக்காட்டுகள். தன் கதைகளிலிருந்து மிகக் குறைவு.

வார்ப்பு கொடுப்பவர் கதை எங்கே திரும்ப வேண்டும் என்று உங்களுக்காக முடிவு செய்துவிடுகிறார். காதைப் பழக்குபவர் அந்த முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறார். சொல்லப்போனால் லெ குவினுக்கு மோதல்தான் கதையின் உயிர் என்ற பாடமே பிடிக்காது. 1986-ல் எழுதிய ஒரு கட்டுரையில், வேட்டைக்காரனின் ஈட்டியைப் போல இலக்கை நோக்கிப் பாயும் கதைக்குப் பதிலாக, தானியமும் வேரும் பொறுக்கிப் போட்டுக்கொள்ளும் பையைப் போன்ற கதையைப் பேசினார். ‘ஸ்டியரிங் தி கிராஃப்ட்’ நூலிலும், கதைக்கு மாற்றம் வேண்டும், மோதல் என்பது மாற்றத்தின் ஒரு வகை மட்டும்தான் என்று வாதாடுகிறார். உங்கள் இணையவழி ஆசிரியருக்கு இது நேரடி மறுப்பு.

எனக்கு மிக முக்கியமாகப் படும் இன்னொன்று, அவர் பொதுவெளியில் கற்றுக்கொண்டே இருந்தார். ‘லெஃப்ட் ஹேண்ட்’ நாவலில் ஆணும் பெண்ணுமல்லாத மக்களை ஆண்பால் பிரதிப்பெயரால் குறிப்பிட்டதைப் பெண்ணியவாதிகள் விமர்சித்தார்கள். 1976-ல் அதற்குச் சமாதானம் சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். 1987-ல் அதே கட்டுரையை எடுத்து, ஒரு வரியையும் நீக்காமல், பக்கத்தில் தன் மறுப்புகளை எழுதிச் சேர்த்தார். முன்பு சொன்னதும் இருக்கிறது, இப்போது நினைப்பதும் இருக்கிறது. எழுத்து கற்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல பாடநூல் எது என்று எனக்குத் தெரியவில்லை.

எர்த்ஸீயிலும் அதையே செய்தார். முதல் மூன்று நூல்கள் 1968, 1971, 1972. மூன்றாவது நூலுக்கு அமெரிக்காவின் தேசிய புத்தக விருது கிடைத்தது. அந்த உலகில் மந்திரவாதிகள் ஆண்கள். பெண்ணின் மந்திரத்தைத் தாழ்வாகச் சொல்லும் பழமொழிகளே அங்கே வழங்கும். புகழ் வந்தபிறகும் அவருக்கு அது உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. 1990-ல் ‘டெஹானு’ எழுதினார். சக்தியெல்லாம் இழந்த கெட், விதவையாகிவிட்ட தெனார் (இரண்டாவது நூலின் நாயகி), தீயில் எரிக்கப்பட்ட ஒரு சிறுமி. பாத்திரம் கழுவுவதும் ஆடு மேய்ப்பதும் நாவலின் நடுவுக்கு வந்துவிடுகின்றன. பழைய வாசகர்களில் ஒரு சாரார் கோபப்பட்டார்கள். அதே உலகம், அதே மனிதர்கள், ஆனால் கீழேயிருந்து பார்க்கிறார். பார்வைக்கோணம் பற்றிய பாடத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பலர் கண்வழி எழுதிப் பார்க்கச் சொல்கிறார் அல்லவா, அதைத் தன் பெரும்படைப்பின்மேலேயே செய்துகாட்டினார்.

பழைய புத்தகக்கடை எழுதியது:

‘டெஹானு’ பற்றிச் சொன்னதற்கு நன்றி. முதல் நான்கு எர்த்ஸீ நூல்களில் அதுதான் உயர்ந்தது என்பது என் கட்சி. யார் வேண்டுமானாலும் வாதாட வரலாம்.

தாவோ மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்குச் சீன மொழி தெரியாது. அப்பாவிடம் இருந்த பழைய பதிப்பு ஒன்றில் ஒவ்வொரு சீன எழுத்துக்கும் நேரே பொருள் போட்டிருந்தது. சிறு வயதிலிருந்தே அதைப் பார்த்து வளர்ந்தவர், பிற மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிட்டு, ஓர் அறிஞரின் உதவியோடு பல ஆண்டுகள் செய்த வேலை. அதனால்தான் அதை மொழிபெயர்ப்பு என்று சொல்லாமல் வேறு சொல்லால் குறித்தார். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். சிறு வயது முதல் படித்த அந்தத் தாவோ நூலின் தடம் எர்த்ஸீயின் வாக்கியங்களில் தெளிவாக இருக்கிறது: சிறிய சொற்கள், எதிரெதிராக நிற்கும் இரண்டு பாதிகள்.

வல்லைவெளி எழுதியது:

2014-ஐ யாரும் சொல்லவில்லையே. அமெரிக்கத் தேசிய புத்தக அறக்கட்டளை வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கம் கொடுத்தபோது, பதிப்புத்துறை முதலாளிகள் நிறைந்த அரங்கில், புத்தகத்தைச் சரக்காக மட்டும் பார்க்கும் போக்கை நேருக்கு நேர் சாடினார். முதலாளித்துவத்தின் பிடியிலிருந்து தப்ப முடியாது என்று தோன்றுகிறது, மன்னர்களின் தெய்வீக உரிமையும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது என்றார். சில நிமிடப் பேச்சுதான். அந்தப் பதக்கத்தை, இவ்வளவு காலம் இலக்கியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட மிகுபுனைவு, அறிவியல் புனைகதை எழுத்தாளர்களோடு பகிர்ந்துகொள்வதாகச் சொன்னார். பட்டறையில் வாக்கியத்தைப் பற்றி மட்டும் பேசியவருக்கு, அந்த வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதும் நன்றாகத் தெரிந்திருந்தது.

செம்பருத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் பெண்ணுக்குப் பதினான்கு வயது, எழுத ஆசைப்படுகிறாள், ஆங்கிலம் நன்றாகப் படிப்பாள். பயிற்சி நூலை இப்போதே கொடுக்கலாமா? கதைகளில் எதிலிருந்து தொடங்கச் சொல்வது?

கொங்குக்காற்று எழுதியது:

பயிற்சி நூல் கொஞ்சம் பொறுக்கட்டும் அக்கா. அது ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கானது என்று அவரே முன்னுரையில் சொல்கிறார். முதலில் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ கொடுங்கள். சிறிய நூல், கெட்டும் ஏறக்குறைய அவள் வயதில்தான் தன் அகம்பாவத்தால் பெரிய தவறு செய்கிறான். சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிடித்துவிட்டால் அடுத்து ‘தி டூம்ஸ் ஆஃப் அத்துவான்’. அது ஒரு பெண் குழந்தையின் கதை, பெரும்பகுதி நிலத்தடி இருட்டில் நடக்கிறது.

அதற்குப் பிறகு அவளுக்கு எழுதத் தோன்றினால், பெயரடை இல்லாத பயிற்சியை மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதட்டும். எழுதியதை இங்கே போட்டால் நாங்கள் எல்லோரும் படிக்கிறோம். நாங்கள் பேசி முடிக்கும்வரை அவள் பதில் எதுவும் போடக்கூடாது, அந்த விதியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.